சிகாகோவுக்குத் தோள் கொடுத்தவர்

சிகாகோன்னு சொன்னதும் நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒண்ணு விவேகானந்தர். இன்னொண்ணு மே தினம்.

1893 செப்டம்பர் 11 அன்று சர்வ சமய மாநாட்டு மேடையில் விவேகானந்தர் பேசினார். அந்தப் பயணத்துக்காகச் சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் அலைஞ்சு திரிஞ்சு பணம் வசூல் பண்ணினது நமக்குத் தெரிஞ்ச கதை. மே தினத்தோட வேர் 1886ல இருக்கு. எட்டு மணி நேர வேலை கேட்டு ஒரு போராட்டம், மே 3ம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூடு, மறுநாள் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் வெடிச்ச குண்டு, அதுக்காக 1887ல நாலு பேருக்குத் தூக்கு. அந்த மே தினத்தை 1923ல இந்தியாவிலேயே முதல் முறையா சென்னையில் கொண்டாடினவர் சிங்காரவேலர்.

ரெண்டு சம்பவத்துக்கும் நடுவுல ஏழே வருஷம். ஊர் ஒண்ணுதான். ஆனா நம்ம மனசுல ரெண்டும் வேற வேற ஊர் மாதிரி பதிஞ்சிருக்கு. ஒரு ஊர்ல கை தட்டுறாங்க, இன்னொரு ஊர்ல தூக்குல போடுறாங்க.

இந்தக் குழப்பம் சிகாகோக்காரங்களுக்கே இருந்துச்சுங்க. "நம்ம ஊர் யாரு?"ங்கிற கேள்விக்கு அங்கே இருந்த பெரிய மனுஷங்க ஒரு பதில் வெச்சிருந்தாங்க. 1914ல ஒரு பத்திரிகை நிருபர் வேற பதில் சொன்னார். அதுவும் கவிதையா, ஊரையே ஒரு ஆளா எழுப்பி நிக்க வெச்சு. கவிதையோட பேர் 'சிகாகோ'. எழுதினவர் கார்ல் சாண்ட்பர்க்.

இதை வெறும் கவிதையா படிச்சா "உவமை நல்லாருக்குப்பா"ன்னு சொல்லிட்டு அடுத்த பக்கம் போயிடுவோம். அந்த ஊர் சரித்திரத்தோட சேர்த்து வெச்சுப் படிச்சாதான் அந்த உவமை யாரோட சண்டை போடுதுன்னு தெரியும். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

வெள்ளை நகரம்

1871 அக்டோபர்ல சிகாகோவில் பெரிய தீ விபத்து. சுமார் 300 பேர் செத்தாங்க, ஒரு லட்சம் பேர் வீடிழந்தாங்க. அப்போ ஊர் ஜனத்தொகையே மூணு லட்சம்தான். அப்படி எரிஞ்சு போன ஊர், 1890ல 11 லட்சம் பேரோட அமெரிக்காவின் ரெண்டாவது பெரிய நகரமா எழுந்து நின்னுச்சு. புதுப் பணக்காரனுக்கு வர்ற ஆசை ஊருக்கும் வந்தது. நாலு பேர் மதிக்கணும்!

அதுக்கு வாய்ப்பா அமைஞ்சது 1893 உலகக் கண்காட்சி. கொலம்பஸ் அமெரிக்காவுக்கு வந்து 400 வருஷம் ஆனதைக் கொண்டாட ஏரிக்கரையில் ஒரு கனவு நகரத்தையே கட்டினாங்க. டேனியல் பர்னம்ங்கிற கட்டிடக் கலைஞர் தலைமை. கிரேக்க, ரோமானியத் தூண்கள், மண்டபங்கள், எல்லாத்துக்கும் வெள்ளைப் பூச்சு. பார்த்தவங்க 'வெள்ளை நகரம்'னு பேர் வெச்சாங்க. ஆறு மாசத்துல 2 கோடியே 70 லட்சத்துக்கும் மேல வருகை. விவேகானந்தர் பேசின மாநாடும் இந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்ததுதான்.

ஒரு சங்கதி. அந்தப் பளிங்கு மாளிகைகள் எதுவும் பளிங்கு இல்லை. பெரும்பாலானவை பிளாஸ்டரும் நாரும் கலந்த கலவையை மேல பூசினது. அடுத்த வருஷமே பலதும் எரிஞ்சு போச்சு.

கண்காட்சியின் நடுவுல இருந்த குளத்தில் 65 அடி உயரத்துக்கு ஒரு பெண் சிலை. அமெரிக்கக் குடியரசுங்கிறதை ஒரு தேவியா உருவகிச்சு வெச்சாங்க. அதே காலத்தில் சிகாகோவுக்குன்னும் ஒரு உருவம் பிரபலமாச்சு. அதுவும் பெண். மார்புக் கவசம், தலையில் பீனிக்ஸ் பறவை. எரிஞ்ச சாம்பல்லேர்ந்து எழுந்த ஊர் இல்லையா, அதனால பீனிக்ஸ்.

நாட்டையும் ஊரையும் தேவியா, ராணியா காட்டுறது மேற்கில் ரொம்பப் பழைய வழக்கம். நமக்கும் ஊரை உயிருள்ளதா பார்க்கிறது புதுசு இல்லை. ஸ்கூல்ல தற்குறிப்பேற்ற அணிக்கு உதாரணமா என்ன படிச்சோம்? சிலப்பதிகாரத்துல, மதுரைக் கோட்டைக் கொடி காத்துல ஆடுறதைப் பார்த்தா கோவலனையும் கண்ணகியையும் 'வராதீங்க'ன்னு கைகாட்டித் தடுக்கிற மாதிரி இருக்குன்னு இளங்கோ சொல்றார். ஊருக்கு ஒரு கை முளைக்குது, அந்தக் கை எச்சரிக்குது. ஊருக்கு உடம்பு கொடுக்கிறவங்க எல்லாருமே இப்படி ஏதோ ஒண்ணைச் சொல்லத்தான் கொடுக்கிறாங்க. சிகாகோ பெரிய மனுஷங்க தேவியோட உடம்பைக் கொடுத்து "நாங்களும் கௌரவமான ஊர்தான்"னு சொன்னாங்க.

ரத்த நகரம்

வெள்ளை நகரத்துலேர்ந்து சில மைல் தள்ளிதான் யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ். 1865 கிறிஸ்துமஸ் அன்னிக்குத் திறந்த கால்நடைச் சந்தை. சுத்தி இறைச்சிக் கம்பெனிகள். மேற்குச் சமவெளி மாடும் பன்றியும் ரயில்ல வந்து இறங்கும், குளிர்பதனப் பெட்டியில் இறைச்சியா கிழக்கே போகும். பின்னங்காலைச் சங்கிலியில் மாட்டித் தூக்கின பன்றி, மேலே ஓடுற தண்டவாளத்தில் நகர்ந்து வரும். வரிசையா நிக்கிற ஆளுங்க ஆளுக்கொரு வெட்டு. ஒருத்தன் நாள் பூரா அதே வெட்டைத்தான் வெட்டணும். பின்னாடி ஹென்றி ஃபோர்டு கார் தொழிற்சாலையில் நகரும் வரிசையைக் கொண்டு வந்தப்போ, யோசனை சிகாகோ இறைச்சிக்காரங்ககிட்டேர்ந்து வந்ததுன்னு அவரே எழுதியிருக்கார். அவர் காரைப் பூட்டினார், இவங்க பன்றியைக் கழட்டினாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

பன்றியோட அலறலைத் தவிர எதையும் வீணாக்க மாட்டோம்னு அந்தக் காலத்தில் ஒரு பெருமைப் பேச்சு. ஆனா கழிவெல்லாம் பக்கத்து ஆத்துக் கிளையில்தான் போச்சு. அழுகின கழிவுலேர்ந்து வாயு கிளம்பி தண்ணி எப்பவும் கொப்பளிச்சுட்டே இருந்ததால அதுக்கு 'குமிழி ஓடை'ன்னே பேர். வேலை செஞ்சவங்க ஐரிஷ், ஜெர்மன், போலிஷ், லிதுவேனியன்னு பிழைக்க வந்த ஜனங்க. 1906ல அப்டன் சிங்ளேர் 'தி ஜங்கிள்' நாவல்ல இவங்க கதையை எழுதினார். தொழிலாளிக்காக ஜனங்க கண்ணீர் விடுவாங்கன்னு அவர் நினைச்சார். ஜனங்க தங்களோட சாப்பாட்டை நினைச்சுத்தான் பதறினாங்க. அதே வருஷம் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது. தொழிலாளி நிலைமை பெருசா மாறலை.

வெள்ளை நகரமும் ரத்த நகரமும் எதிரெதிர் துருவம்னு நினைச்சா தப்பு. ஸ்டாக் யார்ட்ஸை நடத்தின பெரிய அதிகாரி ஜான் ஷெர்மன். அவர் பொண்ணைக் கல்யாணம் பண்ணினவர், வெள்ளை நகரத்தைக் கட்டின அதே டேனியல் பர்னம்! மாமனார் ரத்தம், மாப்பிள்ளை வெள்ளைப் பூச்சு. குடும்பம் ஒண்ணுதான். ஆனா கண்காட்சியில் நின்ன தேவி சிலையைப் பார்த்தா பன்றி ஞாபகம் வரவே வராது. அந்த உருவகத்தோட வேலையே அதுதானே.

ஹேமார்க்கெட் வழக்கில் தண்டனை பெற்று உயிரோட மிச்சமிருந்த மூணு பேரை, விசாரணையே நியாயமா நடக்கலைன்னு சொல்லி கவர்னர் ஆல்ட்கெல்டு விடுதலை பண்ணினது 1893 ஜூன்ல. கண்காட்சி நடந்துட்டு இருந்தப்பவே! அதே வருஷம் செப்டம்பர்ல, தங்க வேண்டிய இடத்தோட முகவரி தொலைஞ்சு போய், விவேகானந்தர் ஒரு ராத்திரியை ரயில்வே சரக்கு யார்டுல கழிச்சதா அவர் வாழ்க்கை வரலாறுகள் சொல்லுது. மேடைக்கு முன்னாடி அவரை ஏத்துக்கிட்டது அந்தச் சரக்கு யார்டு சிகாகோதான்.

நிருபர் எழுதின கவிதை

சாண்ட்பர்க் 1878ல இல்லினாய் மாநிலம் கேல்ஸ்பர்க்ல பிறந்தவர். பெற்றோர் ஸ்வீடன்லேர்ந்து பிழைக்க வந்தவங்க. அப்பா ரயில்வே பட்டறையில் வேலை. பையன் எட்டாவதோட படிப்பை நிறுத்திட்டு பால் வண்டி, சலூன், செங்கல் சூளைன்னு கிடைச்ச வேலையெல்லாம் பார்த்தார். 1897ல சரக்கு ரயில்ல திருட்டுத்தனமா தொத்திக்கிட்டு ஊர் ஊராச் சுத்தினார். அப்புறம் காலேஜ் போய், பட்டம் வாங்காமலே வெளிய வந்தார். மில்வாக்கி நகரத்தின் சோஷலிஸ்ட் மேயருக்குச் செயலாளரா இருந்துட்டு, 1912ல சிகாகோவுக்குக் குடி வந்து பத்திரிகை நிருபர் ஆனார். 'தி டே புக்'னு விளம்பரமே போடாத ஒரு பத்திரிகையிலும் எழுதினார். விளம்பரம் இல்லைன்னா, பெரிய கடை முதலாளி கொடுக்கிற கூலியைப் பத்தியும் தைரியமா எழுதலாம் பாருங்க.

அதே 1912ல சிகாகோவில் 'பொயட்ரி'ங்கிற கவிதைப் பத்திரிகை ஆரம்பிச்சது. ஆசிரியர் ஹாரியட் மன்றோ. ஊர்ல நூறு வசதியான ஆளுங்களைப் பிடிச்சு, ஆளுக்கு வருஷம் 50 டாலர் வீதம் அஞ்சு வருஷத்துக்கு வாக்குறுதி வாங்கி நடத்தின பத்திரிகை. இந்த மன்றோ அம்மா யார்னு பார்த்தா, 1892ல கண்காட்சியின் அர்ப்பணிப்பு விழாவுக்குப் பாட்டு எழுதினவங்க! கொலம்பியாங்கிற தேவியைப் புகழ்ந்து நீளமான ஒரு பாட்டு. பர்னமோட கூட்டாளி ஜான் ரூட் இவங்க அக்கா தங்கச்சி ஒருத்தரோட கணவர். அதாவது வெள்ளை நகரத்துக்குச் சொந்தக்காரங்க மாதிரி.

அவங்க மேஜைக்கு சாண்ட்பர்க் கவிதை வந்துச்சு. ஆரம்பமே பன்றிக் கசாப்பு. முதல் வரி தனக்கு அதிர்ச்சியா இருந்ததுன்னு மன்றோ சுயசரிதையில் ஒத்துக்கிட்டிருக்காங்க. ஆனாலும் 1914 மார்ச் இதழ்ல அதையே முதல்ல போட்டாங்க. தேவியைப் பாடின கையாலேயே கசாப்புக்காரனுக்கு இடம் கொடுத்ததுக்கு மனசு வேணும். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

'தி டயல்'ங்கிற இன்னொரு சிகாகோ பத்திரிகை இதெல்லாம் கவிதையாங்கிற ரேஞ்சுல கிழிச்சது. அந்த வருஷமே 'பொயட்ரி'யின் லெவின்சன் பரிசு சாண்ட்பர்க்குக்குக் கிடைச்சது. 1916ல 'சிகாகோ கவிதைகள்' புத்தகமா வந்தது.

அந்த உடம்பு

கவிதைக்குள்ள போவோம். வரிகளை இங்கே போடலை, நடக்கிறதை மட்டும் சொல்றேன்.

முதல்ல ஊரைத் தொழில் பேர் சொல்லிக் கூப்பிடுறார். பன்றி அறுக்கிறது, கருவி செய்யறது, கோதுமை அடுக்குறது, ரயில், சரக்கு. இதெல்லாம் செய்யற ஒரே ஆளா சிகாகோ. கூடவே அவனுக்கு அகலமான தோள். கவனிங்க, தேவி போயாச்சு, பீனிக்ஸ் போயாச்சு. மூட்டை தூக்கி அகலமான தோள் வந்திருக்கு.

அடுத்து ஒரு கோர்ட் சீன். ஊர் மேல மூணு குற்றச்சாட்டு. ஒழுக்கம் கெட்ட ஊர், கொலைகாரன் தப்பிச்சுப் போற ஊர், பெண்களும் குழந்தைகளும் பட்டினியில் வாடுற ஊர். ஊருக்காகப் பேச வந்த வக்கீல் என்ன பண்ணணும்? மறுக்கணும். இவர் மூணையும் ஒத்துக்கிறார்! நானே கண்ணால பார்த்தேன்னு சாட்சியும் சொல்றார். நிருபர் இல்லையா, பொய் சொல்ல முடியாது. ஒத்துக்கிட்டு அப்புறம் திரும்பி நின்னு, இப்படிப் பெருமையா தலை நிமிர்ந்து வேலை செய்யற இன்னொரு ஊரைக் காட்டுங்கடா பார்ப்போம்னு கேட்கிறார்.

அதுக்கப்புறம்தான் உடம்பு முழுசா உருவாகுது. தலையில் தொப்பி கிடையாது. மண்ணை அள்ளுறான், இடிக்கிறான், கட்டுறான், மறுபடி உடைச்சுக் கட்டுறான். முகமெல்லாம் புகை, வாயெல்லாம் தூசி. அதுக்கு நடுவுல வெள்ளைப் பல் தெரிய சிரிக்கிறான். வெள்ளை நகரத்தை நினைச்சு சாண்ட்பர்க் அதை எழுதினாரான்னு சொல்ல முடியாது. ஆனா 1893 சரித்திரத்தைப் படிச்சுட்டு வந்தா அந்தப் பல்லு சும்மா இருக்க விடாது. இந்தச் சிகாகோவில் வெள்ளையா இருக்கிறது வேலைக்காரன் சிரிக்கும்போது தெரியற பல்லுதான்!

கடைசியா உள்ள போறார். மணிக்கட்டுல நாடி, விலாவுக்குள்ள இதயம். அது யாரோட இதயம்னா ஜனங்களோடது. வெளியில ஒரு பயில்வான், உள்ளே ஒரு ஊர் ஜனம். முடிவுல அதே தொழில் பேர்களைத் திரும்பச் சொல்றார். ஆரம்பத்துல வசவு மாதிரி காதுல விழுந்தது இப்போ பட்டம் மாதிரி கேட்குது. சொல் மாறலை. நடுவுல ஒரு உடம்பு வந்துடுச்சு, அதான் விஷயம்.

அதே தொகுப்பில் 'வானளாவி'யைப் பத்தின கவிதையில் இன்னும் நேரடியா சொல்றார். கட்டிடத்துக்கு ஒரு ஆன்மா உண்டு, அது உள்ளே வந்து போற ஆளுங்க கொடுத்ததுன்னு. கட்டும்போது விழுந்து செத்தவனும் அந்த ஆன்மாவில் சேர்த்தி. அதே புத்தகத்தில் மூடுபனி பூனை மாதிரி வந்து துறைமுகத்தைப் பார்த்துட்டுப் போற குட்டிக் கவிதையும் இருக்கு. அது அழகு மட்டும்தான், யாரோடயும் வழக்கு இல்லை. உருவகத்தைச் சும்மா ரசிக்கவும் அவருக்குத் தெரியும்.

ஒரே ஆளா?

இவ்வளவு புகழ்ந்துட்டேன், இனி நெருடல். ஊரை ஒரே ஆளா காட்டினா ஒரு வசதி இருக்கு, ஒரு ஆபத்தும் இருக்கு. ஒரு ஆளோட வலது கை இடது கையை வெட்டாது. ஊர்ல வெட்டும்.

முதல் உலகப் போர் சமயத்துல ஐரோப்பாவிலிருந்து ஆள் வரத்து நின்னு போச்சு. தெற்கு மாநிலங்கள்லேர்ந்து கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்குல சிகாகோ வந்தாங்க. ஸ்டாக் யார்ட்ஸ்லயும் வேலைக்குச் சேர்ந்தாங்க. குறிப்பிட்ட தெருக்களைத் தாண்டி வீடு கிடைக்காது. 1919 ஜூலைல 'சிகாகோ டெய்லி நியூஸ்' இதைப் பத்தி ஒரு கட்டுரைத் தொடர் போட்டுச்சு. வீட்டு வாடகை, கூலி, தொழிற்சங்கம்னு தெருத் தெருவாப் போய் விசாரிச்சு எழுதினவர் சாண்ட்பர்க்தான். அந்த மாசமே 27ம் தேதி, ஏரியில் மிதந்துட்டு இருந்த 17 வயசுக் கறுப்பினப் பையன் வெள்ளையர் பகுதிப் பக்கம் வந்துட்டான்னு கல்லெறிஞ்சாங்க. அவன் மூழ்கிச் செத்தான். கலவரத்தில் மொத்தம் 38 சாவு. 23 பேர் கறுப்பினத்தவர், 15 பேர் வெள்ளையர். சாண்ட்பர்க்கின் கட்டுரைகள் அந்த வருஷமே 'சிகாகோ இனக் கலவரங்கள்'னு புத்தகமா வந்துச்சு.

1914ல ஒரே இதயம்னு பாடினவரே 1919ல அந்த இதயம் எத்தனை துண்டா கிடக்குன்னு கணக்கெடுத்துக் கொடுத்திருக்கார். கவிதையை மட்டும் படிச்சா பாதி சாண்ட்பர்க்தான் கிடைப்பார். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் படிக்கணும்.

இன்னொரு விஷயம். அந்தக் கவிதையில் சிகாகோ, இதுவரை ஒரு சண்டையிலும் தோக்காத விவரம் தெரியாத பயில்வான் மாதிரி சிரிக்குது. விவரம் தெரியாதங்கிறதை நாம கவனிக்காம தாண்டிடுவோம். 1967ல சாண்ட்பர்க் காலமானார். இறைச்சித் தொழில் லாரிப் போக்குவரத்து வந்ததும் மெல்ல வேற ஊர்களுக்கு நகர்ந்தது. 1971ல ஸ்டாக் யார்ட்ஸை மூடிட்டாங்க. பெருசா மிச்சமிருக்கிறது ஒரு சுண்ணாம்புக்கல் நுழைவாயில். அதன் உச்சியில் ஒரு காளைத் தலை. அதைக் கட்டினது பர்னமும் ரூட்டும்னு சொல்றாங்க.

பன்றி அறுத்தவன் போயிட்டான், 'அகன்ற தோள்களின் நகரம்'ங்கிற பட்டம் மட்டும் ஊர்ப் பேரா நின்னுடுச்சு. அந்தப் பட்டத்தை ஊரே பெருமையா சொல்லிக்குது, அந்தத் தோள் எந்த மூட்டையைத் தூக்கிச்சுன்னு கேட்கிறவங்க கம்மி.

நாமளும் மதுரையைத் தூங்கா நகரம்னு சொல்றோம். ஊர் எங்கேங்க தூங்காம இருக்கு? ராத்திரி ரெண்டு மணிக்குப் பரோட்டா போடுறவரும், மார்க்கெட்ல மூட்டை இறக்குறவரும்தான் தூங்காம இருக்காங்க. அடுத்த தடவை ஒரு ஊரை ஆளா பாவிச்சு எழுதின கவிதையைப் படிச்சா, அழகா இருக்கான்னு பார்த்துட்டு, அது யாரோட உடம்புன்னும் ஒரு தடவை பாருங்க.

உங்களுக்குத் தெரிஞ்ச இப்படிப்பட்ட கவிதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. 'தோள் கொடுக்க' நான் ரெடி :-)